தொலையாமலே கிடைத்த கோட்டுகள்

ஜனவரி, ஞாயிறு மதியம்

அன்புள்ள மகள் மிரேய்க்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, நாய் பதாத் எல்லோரும் சுகம், அப்பாவின் இடது முழங்காலைத் தவிர. அது தனிக்குடித்தனம் போன பிள்ளை மாதிரி யார் பேச்சையும் கேட்பதில்லை. நீயும் அங்கே சுகமாக இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். அரிசோனாவிலிருந்து நீ அனுப்பிய படம் வந்தது. ஜனவரியில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஆரஞ்சு மரத்தடியில் நிற்கிறாய், கொடுத்து வைத்தவள். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தேன், அப்பா பால் எடுக்கப் போகும்போதெல்லாம் ‘இதுக்குப் பேரு குளிர்காலமா’ என்று படத்தோடு சண்டை பிடிக்கிறார். இங்கே ஆறு உறைந்து கிடக்கிறது, வாசல் கதவைத் தோளால் இடித்தால்தான் திறக்கிறது. விறகு இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். பொய் சொல்லப் போவதில்லை, கொட்டகையில் பாதிகூட இல்லை. முழங்காலால் அப்பா இந்த வருஷம் மரம் வெட்டப் போகவில்லை, கோயில் சங்கத்து ஆட்கள் நாங்க வெட்டித் தர்றோம் ரொஸேர் என்று வந்தபோது ‘ஏன், நான் செத்துட்டேன்னு யாராவது சொன்னாங்களா’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அதனால் மற்ற அறைகளைப் பூட்டிவிட்டு அடுப்பங்கரையிலேயே குடித்தனம் நடத்துகிறோம், நாயும் எங்களோடுதான். அதன் நாற்றம் உனக்குத் தெரியும். இந்த நாற்றத்துக்குக் கதையில் வேலை இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து திறந்துவிட்டது, நானும் என் பழைய அலுவலக நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன். நம் பள்ளி மாவட்டத்துக்குப் புதிதாகக் கண்காணிப்பாளர் வந்திருக்கிறார் என்று சொன்னேனே, விட்டாகர் என்று, தெற்கே நகரத்திலிருந்து வந்தவர், தங்கமான மனிதர், ஆனால் எதையும் ஐந்து பக்கத்துக்குக் குறையாமல் எழுதுவார். விடுமுறைக்குப் பிந்தைய செய்தி என்று வீட்டுக்கு வீடு ஒரு கட்டுக் காகிதம் போனது. காலையில் சூடாகச் சாப்பாடு உண்டு, பேருந்து ஆற்றோரம் சுற்றிப் போகாது, பிள்ளைகள் மனசு வாடினால் பேச ஓர் அம்மாள் புதன்கிழமை வருவார், இப்படியே போய்க் கடைசிப் பக்கத்தில் குடும்ப உதவி அறை என்று ஒன்று. கோட்டு, பூட்ஸ், கையுறை, எல்லாம் புதிது, தேவைப்படுகிறவர்கள் வந்து பெயர் எழுதி எடுத்துக்கொள்ளலாம். நல்ல காரியம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அறையை எங்கே வைத்தார் தெரியுமா, கூடைப்பந்து ஆட்டம் பார்க்க ஊரே கூடி நிற்கிற வாசலுக்கு நேர் எதிரே. போதாதற்குக் கதவில் பலூன் வேறு கட்டினார். நம் ஊர் ஆட்களைப் பற்றிச் சொல்லவா வேண்டும், பட்டினி கிடந்தாலும் பல் குத்திக்கொண்டு வெளியே வருகிறவர்கள், அந்தப் பலூனுக்குக் கீழே போய் நிற்பார்களா? ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. போனது ஒரே ஓர் ஆள், உன் அப்பா, அங்கே வைத்திருந்த பிஸ்கட்டுக்காக.

இதில் என் நெஞ்சை அரித்தது நார்மன் டெய்கிளின் பெண்கள். காகித ஆலையில் ஒரு ஷிப்டை நிறுத்தியதிலிருந்து அவனுக்கு வேலை இல்லை, பெரியவள் கோலெட்டுக்குப் போன வருஷத்துக் கோட்டு முழங்கைவரைதான் வருகிறது, சின்னவள் ஒடில் அப்பாவின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறாள், கை எங்கே இருக்கிறதென்று தேட வேண்டும். இடைவேளையில் எல்லாப் பிள்ளைகளும் பனியில் உருளும்போது இது மட்டும் கொதிகலன் அறைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே வாடி கண்ணு என்றால் ‘எனக்குக் குளிரவே இல்ல ஜானீன் அத்தை’ என்று பல் கிட்டிக்கச் சொல்லும். விட்டாகரும் பார்த்தார், பார்த்தவர் சும்மா இருந்திருக்கலாம், நேரே என் மேசைத் தொலைபேசியிலேயே நார்மனைக் கூப்பிட்டு உங்கள் குடும்பத்துக்கு உதவி பெறத் தகுதி இருக்கிறது என்று சொல்லிவிட்டார். தகுதியாம்! நார்மன் ‘எங்க வீட்ல எல்லாரும் சூடாத்தான் இருக்கோம், இன்னொரு தடவ இந்தப் பேச்ச எடுத்தீங்கன்னா பொண்ணுங்கள ஸ்கூலுக்கே அனுப்ப மாட்டேன்’ என்று எனக்கே கேட்கும்படி கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டான். அவன் சொன்னால் செய்கிறவன். அவனுக்கு நாம் பன்றிக்கறிப் பணியாரம் ஒரு தட்டு கொடுத்தால் அந்தத் தட்டில் மீன் வைத்துத் திருப்பித் தருகிறவன். பெண்கள் கோட்டும் இல்லாமல் படிப்பும் இல்லாமல் வீட்டில் உட்காரப் போகிறார்களே என்று எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் என் மேசைக்கு எதிரே இருந்த தொலைந்த பொருள் மேசையைப் பார்த்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், விடுமுறை முடிந்ததும் வருஷா வருஷம் குவிப்போமே, ஜோடி இல்லாத கையுறை, ஒற்றைப் பனிக்காலணி, கிறிஸ்துமஸ் நாடகத்துத் தேவதையின் ஒரு சிறகு. அங்கே வந்து சாமானை எடுத்துப் போக யாருக்கும் வெட்கம் கிடையாது, திட்டு வாங்கிக்கொண்டுதான் எடுப்பார்கள், அவ்வளவுதான். பளிச்சென்று பொறி தட்டியது. எல்லோரும் போன பிறகு உதவி அறையிலிருந்து ஒரு ஊதாக் கோட்டும் ஒரு சிவப்புக் கோட்டும் எடுத்து விலைச் சீட்டைக் கத்தரித்து, கழுத்துப் பட்டைக்குள் மையால் ஒ. டெய்கிள், கோ. டெய்கிள் என்று எழுதினேன். ஆனால் பார்த்தால் கடைப் புதுசு மினுமினுக்கிறது, யார் நம்புவார்கள்? வீட்டுக்குக் கொண்டுபோய் உன் அப்பாவிடம் இதைக் கொஞ்சம் பழசாக்கித் தாருங்கள் என்று கொடுத்தேன். அந்த மனுஷனிடம் ஒரு வேலை சொன்னால் ஒன்பது வேலையாகச் செய்வார் என்று மறந்துபோனேன். பைக்குள் மிட்டாய்க் காகிதமும் மூக்குத் துடைத்த தாளும் திணித்து, ஒரு பொத்தானைத் தளர்த்தி, இரண்டையும் நாய்க்கு விரித்துப் படுக்க வைத்துவிட்டார். காலையில் எடுத்தபோது அம்மாடி, தூரத்திலிருந்தே பதாத் வருகிறது என்று மூக்கு சொன்னது. துவைக்க நேரமில்லை. என்ன செய்ய, அப்படியே கொண்டுபோய்க் குவியலில் போட்டேன்.

பிறகு நார்மனைக் கூப்பிட்டேன், குரலில் ஒரு சொட்டு இரக்கம் இல்லாமல். ‘ஏம்ப்பா நார்மன், உன் பொண்ணுங்க கோட்ட இங்க விட்டுட்டுப் போயிருக்குங்க, மூணு வாரமா என் இடத்த அடைச்சிக்கிட்டுக் கிடக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து எடுக்கலன்னா குப்பையில போட்ருவேன், சொல்லிட்டேன்’ என்றேன். அவன் ‘எங்க பொண்ணுங்ககிட்ட அப்படிக் கோட்டே கெடையாதே’ என்றான். ‘பேரு எழுதியிருக்கு, எங்கிட்ட வாதாடாத, எனக்கு ஆயிரம் வேலை’ என்று பட்டென்று வைத்துவிட்டு ஒரு காபி குடித்தேன்.

வந்தான். தொப்பியைக்கூடக் கழற்றாமல் மேசைமுன் நின்று ஊதாக் கோட்டை எடுத்தான். பட்டையைப் பிரித்துப் பெயரைப் படித்தான். நான் தட்டச்சு இயந்திரத்தில் என்ன அடிக்கிறேன் என்றே தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தேன். அவன் கோட்டை மூக்கருகே கொண்டுபோய் ‘இதுல நாய் நாத்தம் அடிக்குது, எங்க வீட்ல நாய் இல்ல’ என்றான். நானும் விடாமல் ‘உன் பொண்ணு யார் வீட்டு நாயக் கட்டிப்புடிச்சி வெளையாடுதுன்னு நீதான் விசாரிக்கணும், எங்கிட்ட கேட்டா?’ என்றேன். அந்த நேரம் பார்த்தா உள்ளேயிருந்து விட்டாகர் வரவேண்டும்! கோட்டைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக ‘அட, இது நம்ம’ என்று ஆரம்பித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. ‘ஆமா சார், நீங்க தினமும் கத்துறீங்களே, அதே கோட்டுதான், இவரு பொண்ணுங்க தொலைச்சது’ என்று குறுக்கே விழுந்தேன். மனிதர் என்னைப் பார்த்தார், நார்மனைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமி, நெற்றியைச் சுருக்கி, ‘என்ன மிஸ்டர் டெய்கிள், இனிமேலாவது பிள்ளைங்க சாமான்ல பேர் எழுதி அனுப்புங்க’ என்று அதட்டினார். நார்மன் அவரை நிமிர்ந்து பார்த்து ‘எழுதித்தான் இருக்கு’ என்றான். இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை, நல்லவேளை, சொல்லியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். மறுநாள் ஒடில் பனியில் உருண்டாள் மிரேய், பன்றிக்குட்டி மாதிரி உருண்டாள், மணி அடித்தும் உள்ளே வரவில்லை. நான் ஜன்னலில் நின்று அழுதேன், விட்டாகர் கைக்குட்டை கொடுத்துவிட்டு அவரே அதைத் திரும்ப வாங்கித் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் கூத்து. ஊரில் யார் வாயும் திறக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. லுசியென் வீட்டுக்காரி கூப்பிட்டு ‘என் பையன் ஒரு பூட்ஸ் தொலைச்சிருப்பான்னு நெனைக்கிறேன் ஜானீன், என்ன நெறம்னு தெரியல, சைஸ் மட்டும் ஆறு’ என்கிறாள். இன்னொருத்தி நாலு பிள்ளைக்கும் நாலு ஜோடிக் கையுறை ஒரே நாளில் தொலைந்துவிட்டது என்கிறாள். உதவி அறை காலி, பலூன் மட்டும் காற்றிறங்கித் தொங்குகிறது. இந்த வாரச் செய்திக் காகிதத்தில் விட்டாகர், இந்த ஆண்டு நம் பிள்ளைகள் பொருள்களைத் தொலைப்பதில் முன்னேறியிருக்கிறார்கள், பெற்றோர் தயங்காமல் வந்து திட்டு வாங்கிச் செல்லவும் என்று எழுதியிருக்கிறார். ஒரே பக்கம்! மனிதர் தேறிவிட்டார்.

நேற்றுச் சனிக்கிழமை நான் ப்ளோய் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன், வாசலில் வண்டிச் சத்தம். நார்மன். வண்டி நிறைய மேப்பிள் விறகு, பிளந்தது, நன்றாகக் காய்ந்தது. பதாத் ஓடிப்போய் அவன் காலை முகர்ந்தது, அவன் குனிந்து அதன் தலையைத் தடவிவிட்டு, முகர்ந்து பார்த்து, ‘அப்படியா சேதி’ என்பது போலத் தலையாட்டினான். பிறகு குரலை உயர்த்தி ‘ஏங்க ரொஸேர், உங்க வெறகு மூணு வாரமா என் வாசல அடைச்சிக்கிட்டுக் கெடக்கு, வந்து எடுக்க மாட்டீங்களா, எனக்கு வேற வேலை இல்லையா’ என்று ஒரு சத்தம் போட்டான் பார், பக்கத்து வீட்டுத் திரை விலகியது. உன் அப்பா ஊன்றுகோலோடு வாசலில் நின்று வாயைத் திறந்தார், என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், நான் செத்துட்டேன்னு யாரு சொன்னா. நான் அவருடைய நல்ல காலை ஒரு மிதி மிதித்தேன். நார்மன் மேலே கிடந்த கட்டையை எடுத்து நீட்டி ‘பேரு எழுதியிருக்கு, எங்கிட்ட வாதாடாதீங்க’ என்றான். தச்சன் பென்சிலால் கொட்டை எழுத்தில் ரொ. தீபோ என்று அப்பாவின் பெயர் இருந்தது. அப்பா அந்தக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ‘ஆமாப்பா, எங்க போச்சுன்னு தேடிக்கிட்டேதான் இருந்தேன்’ என்றார். இறக்கி அடுக்கி முடித்து மூவரும் ப்ளோய் சாப்பிட்டோம், யாரும் விறகைப் பற்றிப் பேசவில்லை, கூடைப்பந்து ஆட்டத்தைப் பற்றித்தான் பேசினோம். இன்றைக்கு உன் அறையைத் திறந்துவிட்டேன், சூடாக இருக்கிறது, அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி தனியாக வண்டி ஓட்டாதே, வெயில் அடிக்கிறதே என்று தலைக்கு ஒன்றும் போடாமல் அலையாதே. அப்பா முத்தம் கொடுக்கச் சொன்னார், ஆரஞ்சு மரத்தை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. கடவுளும் மாதாவும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ‘எனக்கு ஒரு குறையும் இல்லை’ என்று நீ எழுதியிருந்தாயே, அதே குரலை இந்த மாதம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன், கொதிகலன் அறைச் சுவரோரம் ஒடிலிடம் ஒரு தடவை, போனில் நார்மனிடம் ஒரு தடவை. இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது, கம்பளிப் போர்வை, ப்ளோய் மாவு, காலுறை, இன்னும் சிலது. நான் ஒன்றும் அனுப்பவில்லை. எல்லாம் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தபோது நீ மறந்து விட்டுப்போனது. நீ வரவே இல்லை என்று சொல்வாய். பேரு எழுதியிருக்கு மிரேய், எங்கிட்ட வாதாடாத.

திட்டிக்கொண்டே இருக்கும்,
உன் அம்மா ஜானீன்