எண்ணெய்ப் போத்தலில் நான் போட்ட ஆறு கோடு

என் உயிரான பேச்சியக்கா,

நீ போய் இருபத்திரண்டு நாளாகிறது. கேகாலையில் மழையும் விடவில்லை, மலேரியாக் காய்ச்சலும் விடவில்லை. நம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் பாதிப் பேர்கூட இல்லை. உன் மரங்களை யாரும் தொடவில்லை. நான் மட்டும் தினமும் ஸ்டோருக்குப் போய், தொட்டியில் கோல் விட்டுப் பால் அளக்கிறேன். அளக்கத் தெரிந்தவனாம் நான்!

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

போத்தல் கொண்டுபோனால்தான் டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து ஊற்றுவார்கள். நம் லயத்து வரிசை வீடுகளிலேயே உருப்படியாக இருந்தது பக்கத்துக் காம்பரா ராக்காயியின் போத்தல் ஒன்றுதான். அதில் உனக்கு ஆறு வேளை மருந்து வாங்கி வந்தேன். மருந்து ஐயா போத்தலின் பக்கவாட்டில் காகிதம் ஒட்டி ஆறு கோடு போட்டிருந்தார். வீட்டுக்குள் நுழையக்கூட இல்லை, அதற்குள் ராக்காயி வந்து நின்றாள்.

“எம் புருசனுக்கும் தூக்கித் தூக்கிப் போடுது தம்பி. போத்தலக் குடுங்க, ஓடிப்போயி வாங்கியாந்துர்றேன்.”

நம் எண்ணெய்ப் போத்தலைக் கழுவி, உன் மருந்தை அதில் மாற்றினேன். அது அடியில் அகலம், மேலே வர வர ஒடுக்கம். மருந்து நின்ற உயரத்தை நூலால் அளந்து, நூலை ஆறாக மடித்து, ஆறு கோடு போட்டேன். தொட்டியில் அப்படித்தானே செய்கிறோம்? தொட்டிக்குச் சுவர் நேர். எங்கே அளந்தாலும் ஓர் அங்குலத்துக்கு ஒரே அளவு பால்தான். போத்தல் ஒடுங்கும் இடத்தில் ஒரு கோட்டுக்கு மருந்து குறையும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

“என்னடா, நாக்கு நனையறதுக்குள்ள தீந்துருச்சு?” என்று நீ கேட்டாய்.

“கோடு பாத்துத்தான் ஊத்துறேன். கணக்கப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? பேசாம குடி” என்று அதட்டினேன்.

உனக்கா தெரியாது? பாதிச் சுற்றுக்குமேல் வெட்டினால் மரம் செத்துவிடும் என்று, கயிற்றை மரத்தில் சுற்றி இரண்டாக மடித்து அளப்பாய். “மேல போகப் போக மரம் சிறுக்கும்டி, கயிறையும் மாத்தணும்” என்று புதிதாக வந்த பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பாய். அந்த அறிவு எனக்கு எங்கே போயிற்று?

மூன்று வேளை குடித்தாய். மறுநாள் மத்தியானம் போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்தபின், மிச்ச மருந்து யாருக்காவது ஆகட்டும் என்று, ஆறு கோட்டுக் காகிதம் ஒட்டியிருந்த ராக்காயியின் காலிப் போத்தலை வாங்கி அதில் ஊற்றினேன். அடியிலிருந்து மூன்றாம் கோட்டில் நிற்கவேண்டிய மருந்து ஐந்தாம் கோட்டில் நின்றது. மூன்று வேளையும் சேர்த்து ஒரே ஒரு வேளை மருந்துதான் உன் வயிற்றுக்குப் போயிருக்கிறது.

முழு மருந்து குடித்தவர்களும் செத்திருக்கிறார்கள். நீ பிழைத்திருப்பாயா, அக்கா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்? ராக்காயியின் புருசன் நேற்று வேலைக்கு வந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

இன்று காலை உன் மகள் செல்லத்துக்கும் குளிர்காய்ச்சல் கண்டுவிட்டது. மச்சான் ராக்காயியின் போத்தலிலேயே மருந்து வாங்கிவந்து என்னிடம் நீட்டினார்.

“நீயே அளந்து குடு மாப்ள. அவளுக்கும் கடைசிவரைக்கும் நீதான் சரியா குடுத்த.”

எனக்குக் கை எழவில்லை. காலை வேளைக்கு அவரையே ஊற்றச் சொல்லிவிட்டு வெளியே வந்து இதை எழுதுகிறேன். அடுத்த வேளை மத்தியானம்.

அதற்குள் எல்லாவற்றையும் மச்சானிடம் சொல்லிவிடுவேன். கேட்டபிறகும் அவர் போத்தலை என் கையில் தந்தால் வாங்கிக்கொள்வேன். தராவிட்டால், செல்லம் எழுந்து நடக்கும்வரை வாசலிலேயே கிடப்பேன். சத்தியம், அக்கா.

உன் பேச்சைக் கேட்காத தம்பி,
முத்து