அடையாளம் வைத்த இடம்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். எப்போதும் பழக்கத்தில் எழுதுகிற சொல்தான், ஆனால் இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுகிறேன். அப்பாவும் நலம், கொஞ்சம் இளைத்திருக்கிறார், அதற்குக் காரணம் அவர் சமையல்தான். நீ நலமா என்பதைக் கடைசியில் கேட்கிறேன், அங்கே எனக்கு உன்னோடு ஒரு சண்டை இருக்கிறது.

உன் கோட்டு ஏன் இன்னும் வரவில்லை என்று போன வாரம் கேட்டாய், மிஷின் ரிப்பேர் என்றேன். பொய். மிஷினுக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான். துணி வெட்டும் மேஜையின் விளிம்பில் ஒருநாள் இடது மார்பு இடித்தது, வலித்த இடத்தைத் தடவிப் பார்த்தால் உள்ளே ஒரு கட்டி. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிக்கணும் என்றார். எடுத்தார்கள். மரத்துப்போக மருந்து போட்டதால் வலி பெரிதில்லை, ஆனால் ஊசி டப்பென்று சத்தம் போட்டது, பொத்தான் அடிக்கிற மிஷின் மாதிரி, அதில்தான் உயிரே போய்விட்டது. போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் அழுவேன், இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியாது, அதனால்தான் கடிதம். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், பதறாதே. கெட்டது எதுவும் இல்லை. சாதாரணக் கட்டி, ஆறு மாதம் கழித்து ஒருமுறை வந்து காட்டினால் போதும்.

ஆனால் அந்த முடிவு வர ஒன்பது நாள் ஆனது, அந்த ஒன்பது நாளும் நான் பட்ட பாடு இருக்கிறதே. ஊசி போட்டவர் கடைசியில், எடுத்த இடத்துல எள்ளளவு உலோகத் துண்டு ஒண்ணு அடையாளமா வெச்சிருக்கோம்மா, உள்ளேயே இருக்கும், ஒண்ணும் பண்ணாது என்றார். முப்பது வருடமாகத் தையல்காரி நான். நான் ஒரு துணியில் சாக்கட்டியால் அடையாளம் வைத்தால் அடுத்து வருவது கத்திரிதான். சரி, வெட்டுவதென்று முடிவு செய்துவிட்டார்கள், சொல்லத்தான் நாள் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை, அப்பாவிடமும் இந்தப் பயத்தைச் சொல்லவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருப்பது வலியால் என்று அவர் நினைத்து ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி மணிக்கொருதரம் நீட்டினார். கனம் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நூல்கண்டைக்கூட என்னைத் தூக்க விடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்று, நீ உட்காரு, எனக்குத் தெரியும் என்பார். ஒன்றும் தெரியாது, என் நல்ல கத்திரியால் பால் பாக்கெட்டை வெட்டிவிட்டார் மனுஷன்.

முடிவு வாங்கப் போன அன்று டாக்டர் நல்ல செய்தியைச் சொல்லி முடித்தார், நான் உடனே, அப்ப எப்போ வெட்டுவீங்க என்று கேட்டேன். எதை என்றார். அதான் அடையாளம் வெச்சிருக்கீங்களே என்றேன். பக்கத்திலிருந்த நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஆனால் நல்ல பெண், என் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினாள். கெட்டதா இருந்திருந்தா வெட்டுற இடம் தெரியறதுக்கும் அது உதவும்மா, உங்களுக்கு அது வேண்டாம்னு ஆயிடுச்சு. இனிமே யாரு படம் எடுத்தாலும், இந்த இடம் பார்த்தாச்சு, திரும்ப ஊசி வேண்டாம்னு புரிஞ்சுக்குவாங்க என்றாள். அடக் கடவுளே, இதே வேலை நம் கடையிலும் நடக்கிறதே. பொத்தான் தைக்கிற அக்கா, சரிபார்த்து முடித்த துணிக்கெல்லாம் உள்மடிப்பில் ஒரு சிவப்பு நூல் போடுவாள், பார்த்தாச்சு என்று அர்த்தம். தினமும் அதைப் பார்க்கிறவளுக்குச் சாக்கட்டிக் கோடுதான் ஞாபகம் வந்தது பார்.

நல்ல செய்தி வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்காதே. இரண்டு நாள் கழித்து கடையில் ஒருத்தர் கொடுத்த கால்சட்டையில் ஜிப் சிக்கிக்கொண்டது, அதற்கு எனக்கு அப்படி ஒரு அழுகை. அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அழுது முடிச்சிட்டு வாங்க, ஜிப்பு எங்கயும் ஓடிப் போகாது என்றாள். அழுது முடித்துவிட்டு வந்து அந்த ஜிப்பை நானே மாற்றினேன். கடையில் துணி போட்டுப் பார்க்கிற அறைக் கண்ணாடிக்கு இத்தனை நாள் முதுகு காட்டியே நின்றுகொண்டிருந்தேன், இப்போது வேண்டுமென்றே தினமும் பார்க்கிறேன். ஊசி குத்திய இடம் கருநீலமாக இருந்து பச்சையாகி இப்போது மஞ்சளில் நிற்கிறது, உன் அப்பாவின் சட்டைகளில்கூட இத்தனை நிறம் கிடையாது. கை அடிக்கடி அங்கே போகிறது, போகட்டும். பயம் முழுசாகப் போகவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும், நான் என் வேலையைப் பார்க்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து முழு நாளும் மிஷினில் உட்காரப் போகிறேன், அப்பா என்ன கத்தினாலும் சரி.

இப்போது சண்டைக்கு வருகிறேன். கோட்டுக்குப் போனில் மார்பளவு சொன்னபோது, டேப் பட்டா ஒரு இடத்துல வலிக்குதும்மா, உருண்டையா என்னமோ இருக்கு, அதை விடு, தோள் அளவை எழுதிக்கோ என்றாயே. நானும் தோள் அளவை எழுதிக்கொண்டேன். எனக்கே கட்டி இருந்த நேரம், உன்னுடையதையும் சேர்த்து நினைக்க எனக்குத் தெம்பில்லை. அது என் தப்பு, கண்ணு, அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் இனி விடமாட்டேன். எனக்கு ஒன்றுமில்லை என்பதால் உனக்கும் ஒன்றுமில்லை என்று ஆகாது. ஆபீஸ் வேலை முடியட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்ற கதையெல்லாம் வேண்டாம். போய்க் காட்டு. கூட வர ஆள் வேண்டுமென்றால் சொல், பெட்டி கட்டிக்கொண்டு வருகிறேன், பெட்டியை அப்பா தூக்குவார்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடு, ஒளிக்காதே. உன் சாம்பல் நிறத் துணி மேஜை மேல் விரித்தபடியே இருக்கிறது, சாக்கட்டியால் கோடும் போட்டுவிட்டேன். டாக்டரைப் பார்த்து, என்னைக்குப் பார்த்தாய், என்ன சொன்னார் என்று எழுதி அனுப்பு. அதுவரைக்கும் அந்தத் துணியில் கத்திரி வைக்க மாட்டேன்.

சிவப்பு நூலைக் கோத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும்,
உன் அம்மா.