எங்கள் கிணற்றுக்கு எத்தனை துளி

5.6.84, செவ்வாய்
காசு வந்துவிட்டது. நிலத்தடி நீர் ஆய்வுக்கு அரசாங்கம் தெரிவு செய்த பாடசாலைகளில் எங்களுடையதும் ஒன்று. குணலட்சுமி ரீச்சர் மாவட்டக் கச்சேரி அலுவலகக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். அந்தக் காசில் வாங்கப்போகும் வெள்ளி நைத்திரேற்று என்ற மருந்து பட்டால் விரல் கறுக்குமாம். கொக்குவிலில் பத்துக் கிணறு என் பங்கு.

ஐயாவுக்குச் சொல்லவில்லை. "ஆமி ஓடித்திரியிற நேரம் பெட்டைக்கு ஊர் வளவுக்குள்ளை என்ன வேலை?" என்பார். ரியூசன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். இந்தக் கொப்பியைக் கண்டால் அடுப்புக்குள்தான் போடுவார்.

8.6.84
மருந்தைத் துளி துளியாக விட, நிறங்காட்டி கலந்து மஞ்சளாக இருந்த தண்ணீர் செங்கல் நிறமாகிறது. எத்தனை துளி போகிறதோ அத்தனை உப்பு. மார்க்கண்டு மாமா வீட்டுக் கிணறு ஒன்பது. நல்ல தண்ணீர் என்று சந்தோசத்தில் கொப்பியில் பெரிதாக எழுதினேன்.

14.6.84
எங்கள் கிணறு முப்பத்தொன்று.
மூன்று தரம் செய்தேன். முப்பத்தொன்றுதான்.

15.6.84
இந்த ஒழுங்கைத் தெருச் சனம் முழுவதும் குடிக்க அள்ளுவது எங்கள் கிணற்றில் என்று ஐயா சொல்லுவார். அதில்தான் அவருக்குப் பெருமை. படிவத்தில் கிணற்றுச் சொந்தக்காரரின் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடம் காசு வராது. ஒன்பது என்று எழுதிவிடலாமா? யாருக்குத் தெரியும்?
எனக்குத் தெரியும்.

19.6.84
சோறு போடும்போது ஐயா என் கறுத்த விரலைக் கண்டுவிட்டார். எல்லாம் சொன்னேன்.

"அரசாங்கம் காசு தந்து என்ரை கிணத்திலை குறை பிடிக்குதோ? உந்தத் தண்ணியைக் குடிச்சுத்தானே நீ வளந்தனி?"

"அது அப்ப, ஐயா. இப்ப எங்கடை வெங்காயத்துக்கு இந்தக் கிணத்திலை விடிய விடிய மிசின் இறைக்குது. நல்ல தண்ணி முடிய, கீழை கிடக்கிற உப்புச் சவர் மேலை வருது."

என்ரை வாயா இது? அடி விழும் என்று கண்ணை மூடினேன். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்தான் வந்தது: "ரண்டு மாசமா ஒருத்தரும் இஞ்சை குடத்தோடை வாறேல்லை. உங்களிட்டைச் சொல்ல அவைக்குக் கூச்சம். நீங்கள் கவனிக்கேல்லையே?"

ஐயா கை கழுவிவிட்டு எழுந்து போனார்.

20.6.84
படிவம் மேசையில் கிடக்கிறது. கையெழுத்து இல்லை.

2.7.84, திங்கள்
இரண்டு கிழமையாக மிசின் காலையில் கொஞ்ச நேரம்தான் ஓடுகிறது. இன்று என் சைக்கிள் கூடைக்குள் ஒரு சோடாப் போத்தல், நிறைய எங்கள் கிணற்றுத் தண்ணீர். ஒட்டிய கடதாசியில் ஐயாவின் எழுத்தில் திகதி.

"அளந்துகொண்டு வா. ஒருத்தருக்கும் சொல்லாதை," என்றார் ஐயா.

இருபத்தேழு. பாடசாலையிலிருந்து சைக்கிளை மிதித்த மிதியில் செயின் கழன்றுவிட்டது.

ஐயா படிவத்தை எடுத்தார். "ரண்டையும் எழுது. முப்பத்தொண்டை முதல் எழுது." கையெழுத்து வைத்தார். பிறகு வெறுங்குடத்தைத் தன் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, ஒழுங்கைச் சனமெல்லாம் பார்க்க, மார்க்கண்டு மாமா வீட்டுக்கு நல்ல தண்ணீர் அள்ளப் போனார்.