கேமராவுக்குக் கீழே அர்வா

அன்பு மகன் முஆதுக்கு, வாப்பாவின் ஸலாம். இங்கே எல்லாரும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். தம்மாமில் வெயில் ஏறிவிட்டது என்று லீவில் ஊருக்கு வந்திருக்கும் மதார் சொன்னான், மதிய நேரத்தில் கிடங்குக்கு வெளியே அலையாதே. வெள்ளிக்கிழமை அவன் சவூதிக்குத் திரும்புகிறான், இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடுத்து விடுகிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கும் சத்தம் ஏறிவிடும். கோபத்தில்தான் எழுதுகிறேன். மறைக்க விரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை உன் மகளைக் கூப்பிடப் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். விளையாட்டு நேரம். முற்றத்தில் பிள்ளைகள் டயர் மேல் ஏறுவதும் மண்ணில் உருளுவதுமாக ஒரே கூச்சல். அர்வாவைக் காணோம். உள்ளே போனால் காலி வகுப்பு. ஒரே ஒரு நாற்காலி, அதில் அவள், இரண்டு கையும் முட்டியின் மேல். வா என்றேன். சுவரில் இருந்த கேமராவைக் காட்டி, வாப்பா போன்ல பாக்காவ, எந்திரிக்கக் கூடாது என்றாள். நாலு வயது, முஆத். நேராகப் பிரேமலதா டீச்சரிடம் போய் நன்றாகவே ஏசினேன். அவள் சொன்னாள், நான் என்ன செய்ய அண்ணாச்சி, முற்றத்துல கேமரா கிடையாது, மவ போன்ல தெரியலன்னா உங்க மகன் உடனே கூப்பிட்டு எங்க போனா எங்க போனான்னு கேக்காரு, அவரே சொல்லித்தான் உக்கார வெச்சிருக்கோம் என்று. நீ சொன்னாயாம். உன் இடைவேளையில் பார்க்க வேண்டுமாம்.

உன் பெண்டாட்டி அர்ஷியாவுக்கு எல்லாம் தெரியும். அவிய மனசு நோவும் மாமா, எழுதாதீங்க என்று கெஞ்சுகிறாள். நோகட்டும். அம்பாசமுத்திரத்துக் கல்யாண வீட்டில் மற்றப் பிள்ளைகள் மேடையிலிருந்து தொப்புத் தொப்பென்று குதிக்க, இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் சாய்கிறாள். உன் மாமியார் அதைப் பார்த்துவிட்டு என்ன அடக்கமான பிள்ளை என்று மெச்சுகிறார். நாலு வயதில் என்ன அடக்கம்? டாக்டரிடம் காட்டினோம். காலில் ஒரு குறையும் இல்லை என்றார். பொம்மையாட்டம் உக்கார வெச்சிட்டு, பெலம் இல்லன்னு எங்கிட்ட ஏன் தூக்கிட்டு வாறீக என்று திட்டினார். ஏறி, தொங்கி, பிடித்து இழுத்தால்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கிற விரலும் உறுதிப்படுமாம். அந்தத் திட்டு உனக்கு வந்திருக்க வேண்டியது. வாங்கிக்கொண்டது நான்.

பிள்ளையைப் பிரிந்து இருப்பவன் நீ. பார்க்க ஆசை இருக்கும். தெரியாதவனா நான். ஆனால் உன் ஆசைக்கு அவள் ஏன் அசையாமல் இருக்க வேண்டும்? ஓடுகிற பிள்ளை கண்ணில் படாமல் போகும்தான். டீச்சரோ நீ சொல்லாமல் வெளியே விட மாட்டேன் என்கிறாள், மகளுக்குத் தகப்பன்தான் சொல்ல வேண்டுமாம். சரி. நீ சொல்லும்வரை அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போவதில்லை.

நேற்று சாயங்காலம் கருப்பந்துறை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன். முழங்கால் உயரத்துக்கு ஒரு மண் திட்டு. வெகுநேரம் அதன் மேல் நின்றாள். பிறகு குதித்தாள். முட்டி தேய்ந்து லேசாக ரத்தம். அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தலையைத் தூக்கி மரத்தில், கரண்டுக் கம்பத்தில், எங்கேயாவது கேமரா இருக்கிறதா என்று தேடினாள். இல்லை என்று தெரிந்ததும் மறுபடி ஏறினாள்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும். உம்மா துஆ சொல்லச் சொன்னாள், கருவாட்டுப் பொட்டலம் மதாரிடம் இருக்கிறது. இதைப் படித்ததும் போன் போடு. எனக்கு வேண்டாம், பள்ளிக்கூடத்துக்கு.

உன் வாப்பா,
மைதீன் பிச்சை
மேலப்பாளையம்