எடுத்துக் கொடுத்த வசனம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

இந்த நாடகக் குழுவில் என் வேலை, நடிகர்கள் வசனம் மறந்தால் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று மெல்ல எடுத்துக் கொடுப்பது. என் குரல் சபைக்குக் கேட்கக் கூடாது. நேற்று, மகனாக நடிப்பவர் மேடையில் வாசல்வரை வந்ததும் வசனம் மறந்து நின்றுவிட்டார். நான் முணுமுணுத்தது அவர் காதில் விழவில்லை. பொறுக்க முடியாமல் சத்தமாகவே சொல்லிவிட்டேன்: "அம்மா, வந்துட்டேன்."

அரங்கம் முழுக்கக் கேட்டது. அம்மாவாக நடிக்கும் அக்கா எப்படியாவது சமாளிக்க வேண்டுமே, என் பக்கமே திரும்பி, "எவ்வளவு நேரமாப்பா வாசல்லயே நிக்கறே? உள்ள வா," என்றார். அது அவருடைய வசனம்தான். ஆனாலும் என் கால் மேடையை நோக்கி நகர்ந்துவிட்டது. விளக்குக்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "எங்கய்யா போறே?" என்றார். காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன்.

இன்று எல்லோரும் அதைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன்.

திரைக்குப் பின்னால் இருட்டோடு இருட்டாக நிற்க, நீங்கள் தைக்கிற கறுப்புச் சட்டை இன்னொன்று அனுப்புங்கள். இங்கே கடையில் கிடைக்கும், ஆனாலும் அனுப்புங்கள். பழைய அளவு வேண்டாம், கொஞ்சம் பிடித்துத் தையுங்கள். கவலைப்பட ஒன்றுமில்லை. முதல் மணி அடித்துவிட்டது, திரை எடுக்கப் போகிறார்கள்.

உங்கள் மகன்