கையேட்டில் ஒரு கைதட்டல்

அன்புள்ள அம்மாவுக்கு ஜோக்ஜா நகரத்திலிருந்து ஃபாட்லியின் சலாம். மூட்டுவலி தேவலையா? நான் நலம், என் பொறுமைதான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது.

எங்கள் இலவச மென்பொருளுக்கு எல்லோரும் சேர்ந்து கையேடு எழுதுகிறோம். ஒருவர் எழுதியதை இன்னும் இருவர் படித்து ‘சரி’ போட்டால்தான் அது கையேட்டில் ஏறும். படிக்காமலே ‘சரி’ போடுகிறார்களே என்ற கடுப்பில், நிறுவும் முறையின் நடுவே “இப்போது எழுந்து கைதட்டவும்” என்று சேர்த்தேன். உடனே இரண்டு பேர் ஒப்புதல் தந்துவிட்டார்கள்! இப்போது “கை தட்டியாச்சு, மென்பொருள் ஓடலையே” என்று கையேட்டைப் பார்த்து நிறுவுகிறவர்களின் புகார்கள்.

பொறுப்பாளர் ரத்ரி அக்கா கத்தினார்: “டேய் வாலு, இன்னிக்குள்ள அத எடுக்கல, உன்னக் குழுவுலேர்ந்தே எடுத்துடுவேன்!”

எடுக்கவும் இரண்டு ஒப்புதல் வேண்டுமாம். அக்கா ஒன்று தந்தார். மற்றவர்களோ, “இருந்துட்டுப் போகட்டுமேடா, உடம்புக்கு நல்லதுதானே” என்று விவாதிக்கிறார்கள்.

உங்கள் காரமான ரெண்டாங் கறி அனுப்புங்கள், இங்கே கறிகூட இனிக்கிறது. அப்படியே எங்கள் தளத்தில் ஒரு கணக்குத் திறந்து, அந்த வரியை எடுக்க ‘சரி’ அழுத்திவிடுங்கள். எதையும் படிக்க வேண்டாம். திரையில் உங்கள் பெயர் வந்தால் போதும்.

அக்கா கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

ஃபாட்லி