சுண்டு விரல் என் பேச்சைக் கேட்பதில்லை, ராத்தா

என்னோடு கூடப்பிறந்து என் உயிரோடு ஒட்டிக் கிடந்த ராத்தாவுக்கு,

நம் ஊரில் பெண்கள், உங்களை அடக்கிய மையவாடிக்குப் போவதில்லை. என் வீட்டுக்காரர்தான் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும் வழியில் உங்கள் கபுறடியில் நின்று ஸலாம் சொல்லிவிட்டு வருவார். கேட்டைத் திறந்ததும் "சொன்னீங்களா?" என்று கேட்பேன். "ஓம், சொன்னன்" என்பார். அதற்கு மேல் அவரிடம் எதைச் சொல்லி அனுப்புவது? அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்குப் பிடித்த செய்தி. பர்ஹானாவின் மகள் தவழத் தொடங்கிவிட்டாள். உங்கள் தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்து, பொத்தென்று விழுந்து, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அழுகிறாள். உங்கள் பேத்தி அல்லவா? பர்ஹானா இப்போது அதே மெஷினில் அபாயா தைக்கிறாள். நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றடியில் நின்றால் அந்தச் சத்தம் கேட்கும். சில நேரம் நீங்கள்தான் தைக்கிறீர்கள் என்று நினைத்து வாய் திறந்துவிடுவேன்.

இனி என் செய்தி. என் இடது கை போய்க்கொண்டிருக்கிறது, ராத்தா.

நான் வயலின் பழகப் போகிறேன் என்று சொன்ன நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாப்பா ஓம் என்றார். பாட்டும் வாத்தியமும் மார்க்கத்துக்கு ஆகாது என்ற உம்மா அன்றைக்கும் ஓம் என்று சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. மட்டக்களப்பில் படித்து முடித்து, கல்முனையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியையாகப் போன பிறகும், அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் "டீச்சரா இரிக்கா" என்பதோடு உம்மா நிறுத்திக்கொள்வார். என்ன பாடம் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். கல்யாணம் முடித்த பிறகு இவரும் தடுக்கவில்லை. "உங்கட விருப்பம்" என்றார். ஆனால் நான் வாசிக்க எடுத்தால் கடைக்குப் போய்விடுவார்.

நீங்களும் ஒன்றும் சங்கீதம் தெரிந்தவர் இல்லை. ஒரு ராகத்துக்கும் இன்னொரு ராகத்துக்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அது என் உடம்பில் என்ன செய்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். ரொட்டிக்கு மாவு குழைக்கும்போது என் விரல் நுனிகளில் கம்பி வெட்டிய கோடுகளைத் தடவிப் பார்ப்பீர்கள். சப்பாணி கட்டி உட்கார்ந்து வயலினின் தலையை வலது காலில் ஊன்றி ஊன்றி, கணுக்காலில் எனக்குத் தோல் தடித்துக் காய் விழுந்திருந்தது. அதைப் பார்த்து நீங்கள் சிரித்தது நினைவிருக்கிறதா? "தொழுதா இடது கால்லதான் காய் புடிக்கும். ஒனக்கு ரெண்டு கால்லயும் இரிக்கி!" என்றீர்கள். நானும் சிரித்தேன். காய்கள் வலிப்பதில்லை. வலி வேறு இடத்திலிருந்து வந்தது.

அது எப்போது தொடங்கியது என்று எனக்கே தெரியாது. தோளில் ஒரு உளைவு. பிறகு முழங்கையின் உள்பக்கம் மின்சாரம் அடிப்பது போல. பிறகு சுண்டு விரலிலும் மோதிர விரலிலும் எறும்பு ஓடுவது. வாசித்தால் வரும், வைத்தால் போகும். அதனால் போய்விடும் என்றே நினைத்தேன்.

கொடியில் பெட்ஷீட் காயப்போட முடியாமல் நான் கையைத் தொங்கவிட்டு நின்றதைக் கிணற்றடியிலிருந்து நீங்கள்தான் கண்டீர்கள்.

"என்னகா கைக்கு?"

"ஒண்டுமில்ல ராத்தா. படுத்த மாதிரி சரியில்ல."

"பொய் சொல்லாத புள்ள. நேத்தும் தேத்தண்ணிக் கோப்பையப் போட்டு ஒடச்சாய். இஞ்ச காட்டு."

காட்டினேன். நீங்கள் சுண்டு விரலைக் கிள்ளினீர்கள். எனக்குத் தெரியவில்லை. இன்னும் அழுத்திக் கிள்ளினீர்கள். அப்போது உங்கள் முகம் மாறியதைத்தான் கண்டேன்.

"உம்மாட்ட சொல்லாதீங்க ராத்தா" என்று கெஞ்சினேன். ஏன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. வலிக்கிறது என்று சொன்ன அன்றே "அப்ப உட்டுடு" என்ற சொல் வரும். அந்தச் சொல்லுக்காக நம் வீடு எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தது. என் வாயாலேயே அதற்கு வழி திறந்துவிடப் பயந்தேன். நம் குடும்பத்தில் வலிக்குது என்று சொல்ல எனக்கு நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள்.

அதற்குப் பிறகு உம்மா பகல் சாப்பாட்டுக்குப் பின் கண்ணயரும் நேரமெல்லாம் நான் உங்கள் வீட்டில். சுடுதண்ணீரில் துணியை நனைத்துத் தோளில் போடுவீர்கள். தைலம் பூசிக் கழுத்திலிருந்து முழங்கை வரைக்கும் உருவிவிடுவீர்கள். மெஷினில் குனிந்து குனிந்து உங்கள் தோளும் பிடித்துத்தான் இருந்தது. நான் பிடித்துவிடட்டுமா என்று கேட்டால் "ஒன்ட கைய நீ மிச்சம் புடிச்சி வச்சிக்க" என்பீர்கள். டொக்டரிடம் போ என்று எத்தனை தரம் சொன்னீர்கள்! லீவு வரட்டும், மறுகா போவம் என்று தள்ளினேன்.

என்னிடம் ஒரு நோவையும் மறைக்க விடாத நீங்கள், உங்கள் நெஞ்சு வலித்ததை ஏன் எனக்குச் சொல்லவில்லை, ராத்தா? அன்று காலையில் கிணற்றடியில் கண்டபோதும் சிரித்தீர்களே. மெஷினடியில் சரிந்து கிடக்கிறா என்று பர்ஹானா கத்திக்கொண்டு ஓடி வந்தபோது நான் பள்ளிக்கூடம் போகச் சாரி உடுத்திக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் எத்தனை நாள் வலித்தது? யாரிடம் சொன்னீர்கள்?

உங்களுக்குப் பிறகு நான் கையை உருவிவிட யாரையும் தேடவில்லை. வாசிப்பில் சுண்டு விரலைத் தவிர்க்கப் பழகினேன். அது விழ வேண்டிய இடங்களுக்கு நடுவிரலை இழுத்துக்கொண்டு போனேன். கேட்கிறவர்களுக்குத் தெரியாது. பக்கவாத்தியத்துக்குப் போன இடத்தில் அது ஒரு அழகு என்று ஒருவர் பாராட்டவும் செய்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் சதை வற்றி, குழி விழுந்திருந்தது. சட்டைப் பட்டன் பூட்ட நேரமெடுத்தது.

இந்த நேரத்தில்தான் என்னோடு மட்டக்களப்பில் படித்தவர்கள் கூப்பிட்டார்கள். அங்கேயே ஒரு சின்ன மண்டபம். பக்கவாத்தியமாக இல்லாமல் நான் தனியாக வாசிக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் என் பெயருக்கென்று வந்த முதல் கச்சேரி, ராத்தா. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லியிருக்க வேண்டுமா? நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

சவளக்கடைப் பக்கம் நெல் எடுக்கப் போக இருந்த இவர், கச்சேரியன்று காலையில் திடீரென்று "நானே வேனில கூட்டிட்டுப் போறன்" என்றார். கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே நிற்பார் என்றுதான் நினைத்தேன். மேடையில் உட்கார்ந்து பார்த்தால், பின் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் நான் வாசித்து ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டதில்லை.

முதல் உருப்படி நன்றாகப் போனது. இரண்டாவதும் போனது. அதற்குப் பிறகு கல்யாணி எடுத்தேன். விஸ்தாரமாக வாசிக்க வேண்டும் என்று ஆசை. ஏறிக்கொண்டே போகும்போது முழங்கையிலிருந்து அந்த மின்சாரம் இறங்கியது. மோதிர விரல் கம்பியில் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். இருந்தது. ஆனால் அழுத்தவில்லை. வில் ஓடுகிறது, சத்தம் மட்டும் கீச்சென்று உடைகிறது. இன்னொரு தரம் ஏறினேன். திரும்பவும் உடைந்தது. மூன்றாவது தரம் விரல்கள் இரண்டும் உள்ளே சுருண்டு கிடந்தன. என் விரல்கள், ராத்தா. யாருடையவோ போலக் கிடந்தன.

மிருதங்கக்காரர் நல்ல மனிதர். தனியாவர்த்தனம் வாசிப்பது போலத் தொடங்கிச் சபையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் வில்லை மடியில் வைத்துவிட்டுக் குனிந்திருந்தேன். அவர் முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் இருந்த இரக்கம் எனக்குக் கேட்டது. அதைத் தாங்குவதற்குக் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

திரும்பும் வழியில் காத்தான்குடியில், பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். இவர் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்து, வேனைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"கை வலிக்கிதா?" என்றார்.

"ஓம்."

"எவ்வளவு நாளா?"

நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் அதைப் பிடித்து அந்தக் குழியைத் தடவிப் பார்த்தார்.

"ராத்தாக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். வேனைக் கிளப்பினார். கல்லாற்றுப் பாலம் தாண்டியதும், ரோட்டைப் பார்த்தபடியே, "எனக்கிட்டயும் சொல்லியிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அடுத்த கிழமை டொக்டரிடம் கூட்டிப்போனார். ஊசி குத்தி, கரண்ட் விட்டு, நரம்பைப் பரிசோதித்தார்கள். முழங்கையை மடித்தபடியே வைத்திருந்து வைத்திருந்து நரம்பு நசுங்கிப் போயிருக்கிறதாம்.

"இவ்வளவு காலமும் ஏன் காட்டல்ல, டீச்சர்?" என்று டொக்டர் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஒப்பரேஷன் செய்தா வலி குறையும். உணர்ச்சியும் திரும்பலாம். வத்தின சதை திரும்புமெண்டு நான் வாக்குத் தர ஏலாது" என்றார்.

"வாசிக்கலாமா?" என்று கேட்டேன்.

"முதல்ல பட்டன் பூட்டுங்க. பிறகு பாப்பம்."

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. உம்மா என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அல்லாஹ் ஒனக்குக் காட்டித் தந்திரிக்கான் புள்ள. இனியாவது உட்டுடு" என்றார்.

திட்டியிருந்தால் திருப்பிக் கதைத்திருப்பேன். என் கையைத் தடவிக்கொண்டு அழுகிறவரிடம் என்ன கதைப்பது? "ஓம் உம்மா" என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து அந்தத் தலையாட்டல்தான் முழங்கையை விட அதிகமாக நோகிறது.

ஒப்பரேஷன் முடிந்துவிட்டது. நரம்பை இடம் மாற்றி வைத்துத் தைத்திருக்கிறார்கள். மின்சாரம் நின்றுவிட்டது. ஆனால் விரல் வரவில்லை. சுண்டு விரலை மோதிர விரலோடு சேர் என்று சொல்கிறேன். சேர மாட்டேன் என்கிறது. துஆவுக்குக் கை ஏந்தினால் அந்த விரல் மட்டும் விலகி நிற்கிறது. இவர் தைலம் பூசி உருவிவிடப் பார்க்கிறார். நெல் மூட்டை தூக்கிய கை, எங்கே அழுத்துவது எங்கே விடுவது என்று அதற்குத் தெரியவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். "வலிச்சா சொல்லுங்க" என்கிறார். "ஓம்" என்கிறேன். சொல்வதில்லை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடித்தான் காட்டுகிறேன். அவர்கள் பிழை விட்டால் காது உடனே பிடிக்கிறது. சரி எது என்று வாசித்துக் காட்டக் கை வருவதில்லை. வயலின் அலுமாரிக்கு மேல் இருக்கிறது. நேற்று இறக்கி மடியில் வைத்துப் பார்த்தேன். சுருதி சேர்க்கக்கூட இல்லை. சும்மா வைத்திருந்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன். உம்மா அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி வாசிப்பேனா என்று உங்களுக்கு வாக்குத் தர முடியாது, ராத்தா. அது என் கையில் இல்லை. எவ்வளவு அழுதாலும், பயிற்சி செய்தாலும், நரம்பு வளர்ந்தால்தான் உண்டு. வளருமா என்று டொக்டருக்கும் தெரியாது. கொடுக்கக்கூடிய வாக்கு ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருக்கிறது. இந்தக் கை பிழைத்தாலும் சரி, இப்படியே நின்றாலும் சரி, இது தண்டனை என்று யார் சொன்னாலும் இனி நான் தலையாட்ட மாட்டேன். உம்மா அழுதுகொண்டு சொன்னாலும் ஆட்ட மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொல்வேன்: "இது நரம்பில வந்த வருத்தம் உம்மா. வருத்தம் மட்டும்தான்."

உங்கள் கபுறை அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக.

உங்கட கடைசித் தங்கச்சி,
றினோஸா